கருப்பிக்கு நகம் வெட்டிய நான்கு நாள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மீன் குழம்பு வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன். அது ஞாயிற்றுக்கிழமைக்குப் போகிறது. இப்போது எனக்குக் கருப்பியின் நகத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

கருப்பியை உங்களுக்குத் தெரியும். கன்னி இனத்து நாய், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கொண்டு வந்தவள், 18 நகமும் கரிக்கட்டை மாதிரி இருக்கும். போன வாரம் ஒரு கடைக்கு நகம் வெட்டக் கூட்டிப் போனேன். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். மூன்றாவது நகத்தில் நகக்கண்ணோடு சேர்த்து வெட்டிவிட்டார்கள். அவள் கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நகத்துக்கு முழுசாக 400 ரூபாய் வாங்கினார்கள்! மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் வாசலிலிருந்து அடுப்படி வரை வெள்ளை டைல்ஸில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

மீதி 15 நகத்தை நானே வெட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் நாள் வெட்டவே இல்லை. அகலமான எவர்சில்வர் தட்டில் கெட்டித் தயிரைத் தடவி வைத்தேன். அவள் நக்க நக்க, நான் பாதத்தைத் தொட்டேன், ஒவ்வொரு விரலாகப் பிடித்தேன், நகவெட்டியால் நகத்தில் சும்மா தட்டினேன். அவ்வளவுதான். அடுத்த மூன்று நாளும், நாளைக்கு 5 நகம். அவள் காலை இழுத்தால் உடனே விட்டுவிடுவேன்.

நகவெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. முதலில் 180 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மக்களே, அது வெட்டவில்லை, நசுக்கியது! நகம் நார் நாராகப் பிளந்தது. நாம் வெட்டிக்கொள்ளும் நகவெட்டியும் இதைத்தான் செய்யும், நாய் நகம் உருண்டை, நம் நகம் தட்டை. அப்புறம் 550 ரூபாய்க்குக் கத்தரி மாதிரி இருப்பதை வாங்கினேன். ‘டக்’ என்று ஒரே சத்தம், வெட்டு மழுமழுவென்று இருந்தது. இந்த 550 ரூபாயை நான் சந்தோஷமாகச் செலவழித்தேன்.

சரி, கறுப்பு நகத்தில் எங்கே நிறுத்துவது? நகத்துக்குள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிறது. வெளிர் நகமாக இருந்தால் ரோஸ் நிறத்தில் வெளியிலேயே தெரியும், கறுப்பில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. அதனால் ஒரே வெட்டாக வெட்டவே கூடாது. அரிசி கனத்துக்குச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் வெட்டின முகத்தைப் பாருங்கள். இதோ, கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். முதலில் சாக்பீஸ் மாதிரி வெளுத்து, காய்ந்து இருக்கிறதா? இன்னும் இரண்டு சீவலுக்குப் பிறகு நடுவில் கடுகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி வருகிறது பாருங்கள். அங்கே நிறுத்திவிட வேண்டும். அடுத்த சீவல் ரத்தம்தான்.

எனக்கும் ஒரு நகத்தில் வந்தது, மூன்றாம் நாள், பின்னங்கால். ஆனால் இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். ரத்தம் நிறுத்துவதற்கென்று நாய்க் கடையில் ஒரு பொடி விற்கிறார்கள், 700 ரூபாய். சலூனில் சவரம் செய்து கீறினால் படிகாரம் தேய்ப்பார்களே, அதே வேலைதான். நான் வைத்திருந்தது நம் அடுப்படி கார்ன்ஃப்ளார், 25 ரூபாய் பாக்கெட். ஒரு சிட்டிகை எடுத்து நகத்து நுனியில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தேன், துடைக்கவில்லை, எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம். நின்றுவிட்டது! கருப்பி தயிர்த் தட்டிலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை. பத்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். முன்னங்காலில் உள்பக்கமாக மேலே ஒரு நகம் தொங்கும், தரையில் படாது. தேயவே தேயாது என்பதால் அதுதான் வளைந்து சதைக்குள்ளேயே குத்தும். போன மாதம் ஊரில் ஒரு நாய்க்கு அப்படிப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்ததைப் பார்த்தேன். அதைத் தவறவிடாதீர்கள்.

மல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். பூனைக்குச் சுலபம், விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும், ரோஸ் கோடு தெரியும், நுனியை மட்டும் எடுத்தால் போதும். தூங்கும்போது செய்துவிடுவேன்.

கருப்பியின் நகம் இன்னும் கொஞ்சம் நீளம்தான். பரவாயில்லை. பத்து நாளுக்கு ஒரு தடவை நுனியைச் சீவினால் உள்ளே இருக்கிற ரத்தக்குழாயும் மெல்லப் பின்வாங்கும். இப்போதே டைல்ஸில் நடந்தால் டக் டக் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. இருங்கள், கூப்பிடுகிறேன், நீங்களே கேளுங்கள். கருப்பி! இங்கே வாடா தங்கம்.