மலைச் சாலைக்குக் கிளீட் மாட்டுவது எப்படி?

[திரையில்: மேசைமேல் கவிழ்த்து வைத்த ஷூ, பக்கத்தில் கிளீட் பாக்கெட்]

வணக்கம். சைக்கிள் ஷூ வாங்கியாச்சு, பெடலும் வந்தாச்சு, பெடல் பெட்டிக்குள் ஒரு சின்னப் பையில் ஷூவின் அடியில் மாட்டுகிற கிளீட் என்ற இரண்டு இரும்புத் துண்டும் நாலு போல்ட்டும் கிடக்கின்றன, இதை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மாட்டுவதற்கு முன் ஒன்று. கிளீட் என்றால் காலைப் பெடலோடு பிடித்து வைப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிடிப்பதில் ஒரு சிரமமும் இல்லை, மிதித்தால் மாட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, தூறலில், வளைவு திரும்பியதும் எதிரே காட்டெருமை நிற்கிறது என்றால் அந்த நொடியில் கால் கழன்று வருமா? நீலகிரியில் ஓட்டுகிறவருக்கு அதுதான் முக்கியம். நான் சொல்லப் போகிற எல்லாமே அதை மனதில் வைத்துத்தான்.

முதலில் எந்த வகை. லுக் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த, கிளீட்டைக் கவ்வும் பெடலை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ 1985 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார், அதற்கப்புறம் ரோடு ரேஸ்காரர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் மூன்று போல்ட் வைத்த பெரிய பிளாஸ்டிக் கிளீட். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990இல் எஸ்பிடி என்று சின்ன இரும்புக் கிளீட் ஒன்றைக் கொண்டுவந்தது, அதற்கு இரண்டே போல்ட், ஷூவின் அடிப்பகுதிக்குள் பதுங்கிக்கொள்ளும். நம் ஊருக்கு என்னைக் கேட்டால் இரண்டு போல்ட்தான். டீக்கடையில் இறங்கி நடக்கலாம், தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் தள்ளிக்கொண்டு போகலாம், பெடலின் இரண்டு பக்கமும் மாட்டும். பிளாஸ்டிக் கிளீட்டோடு ஈரமான சிமெண்ட் படியில் இறங்கிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

எஸ்பிடியிலும் இரண்டு இருக்கிறது. பெட்டியில் பெரும்பாலும் வருவது எஸ்எச்51, கறுப்பு, குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழலும். எஸ்எச்56 வெள்ளி நிறம், திருப்பி மேலே இழுத்தாலும் கழலும். புதிதாகப் பழகுகிறவர் தனியாகக் காசு கொடுத்தாவது 56 வாங்கிவிடுங்கள். எழுந்து நின்று வேகமாக மிதிக்கும்போது எப்போதாவது தானாகக் கழன்றுவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் பழகுகிற நாளில் கழலாத கிளீட்டைவிட அது தேவலை.

[திரையில்: 4 மி.மீ. ஆலன் கீ, கிரீஸ், மார்க்கர் பேனா]

தேவையானவை இவ்வளவுதான். சில ஷூக்களில் கிளீட் உட்காரும் இடத்தை ரப்பர் மூடி மறைத்திருக்கும், அதைக் கழற்றுங்கள். உள்ளே இரண்டு நீளப் பள்ளம், நாலு மரை ஓட்டை தெரியும். இந்த நாலில் எந்த இரண்டில் மாட்டுவது என்று குழம்ப வேண்டாம், பாதம்தான் அதைச் சொல்லும்.

ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்குப் பின்னால், பாதத்தின் உள் ஓரத்தில் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இல்லையா, ஷூவின் மேலேயே தடவினால் அகப்படும், அங்கே மார்க்கரால் ஒரு கோடு. அதேபோல் சுண்டுவிரலுக்குப் பின்னால் வெளி ஓரத்தில் ஒரு முட்டு, அங்கே இன்னொரு கோடு. உள் கோடு கொஞ்சம் முன்னால் இருக்கும், வெளிக் கோடு கொஞ்சம் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பெடலின் அச்சு வரும்படி கிளீட்டை வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், கோத்தகிரி என்று மணிக்கணக்கில் ஏறுகிறவர் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் குதிகால் பக்கம் தள்ளி வைக்கலாம், கெண்டைக்காலுக்குச் சுமை குறையும். முன்னால் தள்ளி வைத்தால் கெண்டையும் குதிகால் நரம்பும்தான் முதலில் முறையிடும்.

தம்பி, கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கு. ஆங், அப்படி.

அடுத்தது கோணம். உயரமான மேசைமேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். சிலருக்குப் பாதம் நேராக நிற்கும், சிலருக்கு விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும். உங்கள் பாதம் எப்படி நிற்கிறதோ அப்படியே பெடலிலும் நிற்கும்படி கிளீட்டைத் திருப்பி வையுங்கள், நேராகத்தான் இருக்க வேண்டும் என்று பாதத்தோடு சண்டை போட்டால் முட்டி வலிக்கும். கிளீட்டின் கூரான முனை ஷூவின் முன்பக்கம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பக்கவாட்டில் முதலில் நடுவில் வையுங்கள். கணுக்கால் கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் இரும்புக் கையில், உரசுகிறதா? கிளீட்டைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துங்கள், பாதம் வெளியே தள்ளிப் போகும்.

போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டவே கூடாது. இங்கே ஜூனில் ஆரம்பிக்கும் ஈரம் டிசம்பர் வரை விட்டுவிட்டு இருக்கும், உலர்ந்த போல்ட் துருவேறி ஒட்டிக்கொண்டால் அப்புறம் கழற்றுவது பெரும்பாடு. இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். இல்லாவிட்டால், கீயின் குட்டைக் கையைப் போல்ட்டில் வைத்து நீளக் கையைப் பிடித்து, கிளீட் அடிப்பகுதியைக் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும்வரை நன்றாக இறுக்குங்கள். முதல் தடவை ஓட்டிவிட்டு வந்ததும் திரும்ப ஒரு முறை இறுக்க வேண்டும், கிளீட்டின் பற்கள் அடிப்பகுதியில் பதிந்ததும் போல்ட் லேசாகத் தளர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். போல்ட் தளர்ந்தால் கிளீட் விழுந்துவிடும், அவ்வளவுதானே என்று நினைப்பார்கள். விழுந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு போல்ட் விழுந்து இன்னொன்று மட்டும் நிற்கும்போதுதான் ஆபத்து. நீங்கள் குதிகாலைத் திருப்புகிறீர்கள், ஷூ திரும்புகிறது, கிளீட் மட்டும் அந்த ஒரே போல்ட்டைச் சுற்றிக்கொண்டு பெடலுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் கால் வராது. அப்படி நடந்தால் முறுக்குவதை விட்டுவிட்டு, சுவரையோ கம்பத்தையோ பிடித்து நின்று, ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை மட்டும் வெளியே எடுங்கள்.

[திரையில்: பெடலின் பின்பக்கத் திருகு, 3 மி.மீ. ஆலன் கீ]

பெடலில் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் இந்தத் திருகு. வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இடப்பக்கம் சுற்றினால் தளரும். ஒரு பெடலுக்கு இரண்டு முகம், ஆக மொத்தம் நாலு திருகு, நாலும் ஒரே அளவில் இருக்க வேண்டும், கிளிக் கிளிக் என்று வரும் சத்தத்தை எண்ணிக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஆகத் தளர்வான அளவில் வையுங்கள்.

அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டுவது, கழற்றுவது, கை ஓயும்வரை. அடுத்து புல் தரையில். அதற்கப்புறம்தான் சாலை. மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறுகிறீர்கள், 36 கொண்டை ஊசி வளைவு, நடக்கிற வேகத்தில்தான் சைக்கிள் போகும், அங்கே நின்ற பிறகு காலைக் கழற்றலாம் என்று நினைத்தால் விழுந்த பிறகுதான் கழற்றுவீர்கள். நிற்கப் போகிறோம் என்று தோன்றியதுமே ஒரு காலைக் கழற்றுங்கள். எந்தக் கால்? சமவெளியில் எல்லோரும் இடது கால் என்பார்கள். மலையில் சாலை எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தக் கால். இடது ஓரம் பள்ளத்தாக்குப் பக்கம் சரிந்திருந்தால் இடது பாதம் தரையைத் தேடிக்கொண்டே போகும்.

சரி, பராமரிப்பு. செம்மண் சேறு கிளீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே அடைத்துக்கொண்டால் மாட்டவும் மாட்டாது, கழலவும் கழலாது. வீட்டுக்கு வந்ததும் பழைய டூத் பிரஷ், தண்ணீர், துணி. பெடலின் ஸ்பிரிங்கில் மட்டும் ஒரு சொட்டு செயின் ஆயில், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், எண்ணெய் வழிந்தால் அடுத்த நாள் மண் முழுவதும் அதில்தான் ஒட்டும். நனைந்த ஷூவை அடுப்போரம் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தால் போதும். கிளீட் பள்ளம் வழியாகவும் தண்ணீர் உள்ளே வரும், பல ஷூக்களோடு ஒரு ஸ்டிக்கர் கொடுப்பார்கள், அதை உள்ளே, பாதத்துக்குக் கீழே இருக்கும் இன்சோல் அட்டைக்கு அடியில் ஒட்டுங்கள், கிளீட்டை மாட்டிய பிறகுதான்.

போல்ட்டின் தலைக்குழியில் மண் இறுகிவிட்டால் கீ பாதிதான் இறங்கும், அந்த நிலையில் திருப்பினால் அறுகோணம் வட்டமாகிவிடும். ஊக்கால் நோண்டிச் சுத்தம் செய்தபிறகு கீயை லேசாகத் தட்டி முழுசாக இறக்கித் திருப்புங்கள். மாட்டிய உடனேயே குழியில் மெழுகுவர்த்தி மெழுகைச் சொட்டவிட்டால் இந்த வேலையே வராது. துருவால் ஒட்டிய போல்ட்டுக்குத் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். அப்போதும் வராவிட்டால் ட்ரில் இருக்கிற கடைக்குப் போங்கள், நீங்களே துளைத்து ஷூவைக் கெடுக்க வேண்டாம்.

எப்போது மாற்றுவது? நிற்கும்போது பாதம் பெடல்மேல் ஆடினால், திருகை இறுக்கிய பின்னும் கால் தானாகக் கழன்றால், கிளீட்டின் முன் முனை மழுங்கியிருந்தால். மூன்று போல்ட் கிளீட்டில் ஓரத்து நிற ரப்பர் தேய்ந்து போனதா என்று பாருங்கள். பழையதைக் கழற்றும் முன் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், புதியதை அதே இடத்தில் உட்கார வைக்கலாம். முட்டி வலிக்காக இடம் மாற்றுகிறவர் ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மில்லி மீட்டர் மட்டும் நகர்த்துங்கள், கோணத்தையும் இடத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

இன்னொன்று, புதுக் கிளீட் பழசைவிட இறுக்கமாகப் பிடிக்கும். மாற்றிய அன்றைக்கு நாலு திருகையும் இரண்டு மூன்று கிளிக் தளர்த்திவிட்டு, வாசலில் நாலைந்து முறை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.