அப்பா இறங்கிய இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் கவ்வாத்து, அதாவது தேயிலைக் கிளை கழிக்கும் வெட்டு, வெட்டுகிற ஒரு பெண் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். தேயிலைக் காட்டில் பெண்ணுக்குக் கொழுந்துக் கூடை, ஆணுக்குக் கத்தி என்பதுதான் வழக்கம். என் கைக்குக் கத்தி வந்த கதையை அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா பிறந்தது இலங்கையில், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். துறையூர்ப் பக்கத்திலிருந்து கூலிக்குப் போன குடும்பம். எங்கள் வீட்டு ஆண்களுக்கு மூன்று தலைமுறையாகக் கவ்வாத்துதான் தொழில். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அதில் நாங்கள் ஐந்து பேர். எங்களை யாரும் கேட்கவில்லை.

1973-ல் கிளம்பினோம். எனக்கு எட்டு வயது. கோச்சி, அதாவது ரயில், புறப்பட்டபோது ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அம்மா குழவிக்கல்லைக்கூட விடாமல் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சாமான். கவ்வாத்துக் கத்தி. தேங்காய் எண்ணெய் தடவி, படங்குச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

எங்களுக்கு வியாபாரக் கடன் என்று எழுதி, துறையூர்ப் பக்கமே அனுப்பினார்கள். பூர்வீக ஊர்தான். ஆனால் அங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கடனை வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒரு தரகர் பாதியை எடுத்துக்கொண்டார். மீதியில் வைத்த பெட்டிக்கடை ஒரு வருஷம்கூட ஓடவில்லை. வெயில் வேறு. அப்பா பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். காய்ப்பு உரிந்துகொண்டிருந்தது. கத்தியை அம்மா விறகு பிளக்க எடுத்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசு 1968-லிருந்தே நீலகிரியில் தேயிலை போட்டுவந்தது. அதுதான் பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒரு உறவினர், "கோத்தகிரிப் பக்கம் தேயிலை இருக்கு மாமா" என்று கடிதம் போட்டார். அந்த ஒரு வரிக்காக அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினார். குஞ்சப்பனை தாண்டி, அரவேனு வரும்போது ஜன்னலோரம் ஒரு தேயிலைக் காடு. ஆட்கள் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோத்தகிரி டிக்கெட் கையில் இருந்தது. அப்பா அரவேனுவிலேயே இறங்கிவிட்டார்!

வரப்பில் நின்று ஒரு செடியின் வெட்டைத் தடவிப் பார்த்திருக்கிறார். காட்டுக்காரர் நீலகிரியின் படுகர் இனத்தவர், வயசான கவுடர். "என்னப்பா பாக்கறே?" என்று கேட்டார்.

"வெட்டு தட்டையா இருக்குங்க. தண்ணி நிக்கும். நின்னா கிளை உள்ளுக்குள்ள அழுகிடும்."

"அப்ப நீ வெட்டு, பாக்கலாம்."

அப்பா சாக்கைப் பிரித்தார். ஒரு கிளைக்கு ஒரே வீச்சு. சாய்வாக, நார் கிழியாமல். கவுடர் தன் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி, பார்க்கச் சொன்னாராம். அன்று சாயங்காலம் அவர் வீட்டிலேயே அப்பாவுக்குச் சாப்பாடு. எங்களைக் கூட்டிப்போகத் துறையூர் வந்தபோது அப்பா சிரித்துக்கொண்டே படியேறினார். கப்பல் ஏறிய நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு அது.

கப்பலில் வந்தது எங்களை அனுப்பியதால் வந்தது. பஸ்ஸில் ஏறியது நாங்களாக ஏறியது. இடம் மாறினால் சந்தோஷம் வருமா என்று என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஆமாம் என்றும் சொல்வேன்.

சரி, கவ்வாத்து என்றால் என்ன என்று சமவெளி நேயர்கள் கேட்கலாம். தேயிலை செடியில்லை, மரம். விட்டால் வீட்டுக்கு மேலே வளரும். வெட்டி வெட்டித்தான் அதை இடுப்பளவில் வைத்திருக்கிறோம். நாலைந்து வருஷம் பறித்தபின் கொழுந்து குறைந்து, வங்கி என்கிற வளராமல் நின்றுபோன துளிர் கூடும். அப்போது இரண்டடி உயரத்துக்குக் கழிக்க வேண்டும். ஏப்ரல், மே ஒரு பருவம்; ஆகஸ்ட், செப்டம்பர் இன்னொன்று. பனி கொட்டும் மாதங்களில் கத்தி வைக்கக் கூடாது.

வெட்டுவதற்கு முன் வேரைப் பார்க்க வேண்டும். இலை முழுக்கப் போனபின் செடி வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் துளிர்க்கும். பென்சில் பருமன் வேர் ஒன்றை நறுக்கி அயோடின் தொட்டு வைத்தால், மாவு இருக்கிற வேர் கறுநீலமாகும். நிறம் வராவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அப்படியும் சந்தேகம் என்றால் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைப்போம், அது மூச்சு விட. வெட்டியதும் பாசியைத் தேய்த்து எடுத்து, வெட்டுவாயில் தாமிர மருந்து பூசி, கழித்த கிளைகளையே மேலே பரப்பினால் வெயில் சுடாது. அப்புறம் மூன்று மாதம் போல ஆகும், துளிர்களை ஒரே மட்டமாக நறுக்கிப் பறிப்புக்கு விட.

எனக்கு அண்ணன் இருந்தார். அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அவருக்கு அது நல்ல வாழ்க்கையாகவே அமைந்தது. எனக்குப் பத்தொன்பது வயதில் ஒருநாள், அப்பா தோள் வலியோடு பாதி நிரையில் நின்றுவிட்டார். நான் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கத்தியைக் கேட்டேன். "மகள், இது கைய வாங்கிடும்" என்றார். கொடுத்தும் விட்டார். அன்று நான் வெட்டிய பதினொரு செடிகளில் ஏழைத் திருத்தினார். நாலு அப்படியே நின்றது. அந்த நாலு செடியும் துளிர் விட்டதைப் பார்க்க நான் தினமும் சுற்றுவழியில் நடந்தேன்.

இப்போது பெட்ரோலில் ஓடும் கவ்வாத்து மெஷின் வந்திருக்கிறது. ஆள் கிடைக்காத காலத்தில் சிறு விவசாயிக்கு அது உதவிதான். ஆனால் முற்றிய கட்டையில் அது கிழிக்கும். கிழிந்த இடத்தில் நோய் ஏறும். பழைய செடி உள்ள சரிவுகளுக்கு இன்றும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா இறங்கிய அந்த அரவேனுக் காட்டுக்கும்தான். கவுடரின் பேரன் இப்போது அதைப் பார்க்கிறார். என்னை அக்கா என்பார்.

மஸ்கெலியாவிலிருந்து வந்த கத்தி தீட்டித் தீட்டிப் பாதி அகலமாகிவிட்டது. வேலைக்கு எடுப்பதில்லை, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஏப்ரலில் அரவேனுவில் இரண்டு ஏக்கர் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பக்கத்து லைனில் இரண்டு பெண் பிள்ளைகள் நிரை பிடிக்க வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குப் புதுக் கத்தி வாங்கியாகிவிட்டது. பிடி மட்டும் பெரிதாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செதுக்க வேண்டும்.

வணக்கம்.