இரும்பு தூக்குபவருக்கு வீட்டு இனிப்பு துணையே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, சாமி புறப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பதற்காக எங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கும் திருப்பரங்குன்றத்துப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எடைப்பயிற்சி செய்பவருக்கு வீட்டு இனிப்பு துணையா, தடையா என்பது தலைப்பு. ஒரு அதிரசம் தின்றால் ஒரு மணி நேரம் ஜிம்மில் தூக்கியது அத்தனையும் வீண் என்று எதிரணித் தலைவர் சொன்னார், கைதட்டலும் வாங்கிவிட்டார். அண்ணே, ஜிம் என்ன வட்டிக்கடையா, தின்ற கடனை அன்றன்றைக்கே அடைத்துவிட்டு வருவதற்கு? தின்றதை எரிப்பதற்காக யாரும் பார்பெல்லைத் தூக்குவதில்லை. தசைக்கு வேலை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டி, அதை வலுவாக்கத்தான் தூக்குகிறோம். அந்த வேலைக்குத் தசை பெரிதும் நம்பியிருப்பது தனக்குள் சேர்த்து வைத்திருக்கிற கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பை, அது மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும்தான் வருகிறது. இனிப்பு மட்டும் என்ன, தசையின் வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடுமா?

சரி, அந்த அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம். 50 அதிரசம் தட்டினால் ஒன்றுக்கு 15 கிராம் வெல்லம் வருகிறது, அதோடு மாவும் அது குடித்த எண்ணெயும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், இன்னும் கறாராகப் பார்த்தால் 25 கிராம். கறாரான கணக்கிலேயே என் ஒரு அதிரசம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. என்ன, அன்றைக்குக் காபியில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும், குறைக்கிறேன். கடையில் வாங்கும் இனிப்பில் எத்தனை கிராம் சர்க்கரை போட்டார்கள், எந்த எண்ணெயில் எத்தனையாவது தடவை பொரித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? உருட்டியது என் கை, அதனால் கணக்கும் என் கையில்.

இந்த இடத்தில் எங்கள் அணியில் முதலில் பேசிய அக்காவோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. கருப்பட்டி போட்டால் எவ்வளவு தின்றாலும் கெடுதல் இல்லை என்றார்கள். அக்கா, மன்னிக்கணும், கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பங்கு சர்க்கரைதான், வாசம் வேறு, அவ்வளவுதான். கடலை உருண்டையைப் புரத உருண்டை என்று சொல்லி ஏமாறவும் வேண்டாம். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருக்கிறது, ஆனால் கொழுப்பு கிட்டத்தட்ட அதைப் போல் இரண்டு மடங்கு. தசை வளர்க்க நினைப்பவர் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், 60 கிலோ ஆளுக்கு அது 96 கிராம். அது முட்டையிலும் மீனிலும் கோழியிலும் தயிரிலும் பருப்பிலும் சுண்டலிலும் வரட்டும். அதையெல்லாம் முதலில் தட்டில் வைத்துவிட்டு அப்புறம் இனிப்பை வையுங்கள் என்பதுதான் என் கட்சி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தத் தங்கச்சி மேடையில் சொன்னாள் என்று அதிரசத்தை எடுத்துவிடாதீர்கள், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணன் ஜிகர்தண்டாவைக் காட்டி பயமுறுத்தினார். பாலும் கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அது கடைச் சரக்கு, தலைப்பு வீட்டு இனிப்பு, நடுவர் ஐயா குறித்துக்கொள்ளவும். அதே அண்ணன்தான் இனிப்பைத் தொட்டு வருஷக்கணக்காகிறது என்று பெருமையாகச் சொன்னார். அண்ணே, ராத்திரி பத்து மணிக்கு மேல் நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவைக் குளமாக ஊற்றி அடிப்பது எந்தக் கணக்கில் சேரும்? மதுரைக்காரர்களிடம் இதை மறைக்க முடியாது.

முழுசாக விலக்கினால் என்ன நடக்கிறது என்று ஜிம்மில் நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் வீட்டில் கேசரி கிண்டினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள், அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியைப் பார்த்ததும் கை நிற்காது, மறுநாள் குற்ற உணர்ச்சியில் பட்டினி, பட்டினியோடு ஸ்குவாட் போட்டுத் தலைசுற்றி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள், பயிற்சி முடிந்து சாப்பாட்டோடு ஒன்று சாப்பிடுகிறவனுக்கு இந்த வம்பே இல்லை. பயிற்சிக்கு முன்னால் மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டம் சீக்கிரம் செரிக்காது, குனிந்து எடை தூக்கும்போது தொண்டை வரை வந்து நிற்கும்.

கடைசியாக ஒன்று. நம் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்குவது எந்த நாளில்? பொங்கலுக்கு. அன்றைக்கு எல்லா வீட்டிலும் என்ன பொங்கும் என்று எதிரணி பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, உட்கார்ந்துவிடுகிறேன், நன்றி, வணக்கம்.