சுவிட்ச் போட்ட பிறகு

வணக்கம் நேயர்களே. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனைப் பற்றி, வருகிற பெற்றோர் பலரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஆபரேஷன் முடிந்ததும் பேசிவிடுவானா?" இல்லைங்க. அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம்.

காதுமெஷின் ஒலியைப் பெரிதாக்கித் தரும், அவ்வளவுதான். அதை வாங்கிக்கொள்ள உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் மிச்சம் இருக்க வேண்டும். அவை பெரும்பாலும் போய்விட்டால் எத்தனை உரக்கக் கொடுத்தும் பேச்சு புரியாது. காக்ளியர் இம்ப்ளான்ட் அந்தச் செல்களைத் தாண்டி, கேட்பு நரம்புக்கே மின்துடிப்பை அனுப்புகிறது. அதற்கு மெல்லிய கம்பி ஒன்றை, நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட உள்காதுப் பகுதியான காக்ளியாவுக்குள் நுழைக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். இந்தக் கதையைச் சொல்லாமல் நான் எந்த மேடையையும் விட்டு இறங்கியதில்லை. ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்றொரு டாக்டர். அவர் அப்பாவுக்குக் காது மந்தம். அந்தச் சிரமத்தைப் பார்த்தே வளர்ந்தவர். கம்பியைச் சுருளுக்குள் எப்படிப் போதிய தூரம் கொண்டுபோவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். 1977-ல் விடுமுறைக்குப் போன கடற்கரையில், ஒரு சங்கை எடுத்து அதற்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி துவண்டு, அடி விறைப்பாக இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போனது! சரி, கம்பியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடிபட்டது. 1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்போர்னில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அதைப் பொருத்தினார். புல்தானே என்று யாரும் அலட்சியமாக நினைக்காதீர்கள்.

புண் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் வெளிக்கருவியை மாட்டி சுவிட்ச் போடுவோம். குடும்பமே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு பிள்ளை சிரிக்கும் என்று காத்திருந்தோம். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து வீறிட்டது. அம்மாவும் அழுதுவிட்டார். பயமில்லை என்றேன், அது ஒலி காதில் விழுந்ததற்கான அழுகை. பெரியவர்களோ, "எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிறார்கள்" என்பார்கள். பல மாதம் பழகப் பழக மூளை அதைப் பேச்சாகப் பிரித்தெடுக்கும். பழகாவிட்டால்? பீரோவில் கிடக்கும் கருவிகளும் உண்டு. திரும்பச் சொல்கிறேன், வேலையே அப்புறம்தான்.

இசையைப் பற்றியும், தொலைபேசியைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆறு ஒலிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன், பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தினமும் காலையில் கருவியை மாட்டியதும், உங்கள் உதடு தெரியாதபடி பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பிள்ளைக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். ஸ் மட்டும் கேட்கவில்லையென்றால், அன்றைக்கே எங்களிடம் வாருங்கள்.