அசையாமல் கிடப்பவர் அடம்பிடிக்கவில்லை

வணக்கம், நண்பர்களே. நேற்றுவரை பேசி நடமாடிக்கொண்டிருந்த ஒருவர், இன்று கண்களைத் திறந்தபடியே படுக்கையில் கிடக்கிறார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. வாயருகே உணவைக் கொண்டுபோனாலும் பற்களை இறுக்கிக்கொள்கிறார். வீட்டார் முதலில் இதைக் கோபம் என்கிறார்கள், பிறகு பிடிவாதம் என்கிறார்கள். இது கேட்டடோனியா என்ற நிலையாக இருக்கலாம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. அந்தப் பெயர் தெரியாததால் வீணாகும் நாட்களை நினைத்துத்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

1874ஆம் ஆண்டில் ஜெர்மானிய மனநல மருத்துவர் கார்ல் லுட்விக் கால்பாம் இந்நிலையைத் தனி நூலாக எழுதினார். அவருக்குப் பின் வந்த எமில் கிரெப்பலின், இன்று நாம் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லும் நோய்க்குள் இதையும் அடக்கிவிட்டார். அதன் விளைவாக, கடும் மனச்சோர்வினாலோ, மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறினாலோ இதே நிலைக்கு ஆளானவர்கள் நெடுங்காலம் சரியாக அடையாளம் காணப்படவில்லை. உண்மையில் இவை போன்ற மனநிலைக் கோளாறுகளில்தான் கேட்டடோனியா மிகுதியாகக் காணப்படுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு இதற்கு 12 அறிகுறிகளைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் மூன்று இருந்தாலே இதைக் கேட்டடோனியா எனக் கொள்ளலாம். அசைவின்மையும் பேச்சின்மையும் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவை. மற்றவை வியப்பூட்டும். கையைத் தூக்கி விட்டால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். மூட்டுகளை மடக்கும்போது மெழுகை வளைப்பது போன்ற மெல்லிய எதிர்ப்பு தெரியும். நாம் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்வதும், செய்த சைகையையே திரும்பச் செய்வதும் உண்டு. தலையணையை எடுத்த பின்னும், அது இருப்பதைப் போலவே தலையைத் தூக்கி வைத்திருப்பவர்களைப் பழைய மருத்துவ நூல்கள் விவரிக்கின்றன. சிலரிடம் இதற்கு நேர்மாறாக, காரணமோ நோக்கமோ இல்லாத கடும் பரபரப்பும் காணப்படும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குணமடைந்த பலர், அந்த நேரத்தில் பேசப்பட்ட அனைத்தும் தங்கள் காதில் விழுந்ததாகவும், உள்ளே தாங்க முடியாத அச்சம் இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அவர் அருகில் நின்றுகொண்டு, அவர் இல்லாதது போலப் பேசாதீர்கள்.

மனநோய் மட்டுமே இதற்குக் காரணமன்று. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் அழற்சி, வலிப்பு நோய், உடலின் வேதிச் செயல்பாடுகள் பிசகும் வளர்சிதைமாற்றக் கோளாறுகள், தூக்க மருந்துகளைத் திடீரென நிறுத்துதல் ஆகியவையும் இதைத் தூண்டும். ஆட்டிசம் உள்ள இளையோரிடமும் இது வருவதுண்டு. அதனால்தான் மனநல மருத்துவரின் பரிசோதனையோடு இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் தேவைப்படுகின்றன.

சிகிச்சையில்தான் எனக்குப் பெரும் நம்பிக்கை. லோராசெபாம் என்பது பதற்றத்தைத் தணித்து உறக்கம் தரும் மருந்து. அதையே 1 அல்லது 2 மில்லிகிராம் அளவில் ஊசியாகச் செலுத்தினால், பல நாட்களாக ஊமையாய்க் கிடந்தவர் சில நிமிடங்களில் தண்ணீர் கேட்பதுண்டு. உறங்கவைக்கும் மருந்து இவரை எழுப்புகிறது! மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டை அது வலுப்படுத்துவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆனால் சில மணி நேரத்தில் பலன் தேய்ந்துவிடும் என்பதால், மருத்துவர் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுத்து, பின்னர் படிப்படியாகவே குறைப்பார்கள். இந்த மருந்தால் பலன் கிடைக்காதவர்களுக்கு, மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வு சிகிச்சை மிகுந்த பலன் தருகிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்த பிறகே அதைச் செய்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டு அஞ்சி மறுத்துவிடாதீர்கள். மாறாக, மனச்சிதைவுக்கு வழக்கமாகத் தரும் சில மருந்துகள் இந்நிலையை மோசமாக்கக்கூடும் என்பதால், அவற்றில் மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

காத்திருந்து பார்க்கும் நோயன்று இது. அசையாத உடலில் நீர் வற்றும், படுக்கைப்புண் வரும், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைக்கலாம். காய்ச்சலும் தசை விறைப்பும் சேர்ந்து, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தாறுமாறானால், அது உயிரைப் பறிக்கக்கூடிய வடிவம். அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். போகும்போது அவர் கடைசியாகப் பேசிய நாள், உண்ட நாள், உட்கொண்டுவந்த மருந்துகள், அவற்றுள் எதையாவது நிறுத்தியிருந்தால் நிறுத்திய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.