கேட்காத குரல்கள்: கால்பந்தில் காணொளி மறுஆய்வு

நேயர்களுக்கு என் வணக்கம்.

கால்பந்து நடுவரின் தீர்ப்பைக் காணொளியில் பார்த்துத் திருத்தும் முறையைப் பற்றி, ‘வார்’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் அந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காணொளியைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்த சம்பவம் பார்க்கவேண்டியதே அன்று, கேட்கவேண்டியது. ஆகவே நான் இடம் மாறி வந்துவிடவில்லை.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் கால்பந்து விதிகளை வகுக்கும் பன்னாட்டு வாரியம் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டே ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறித் தண்டித்தது ஆகிய நான்கில் மட்டும், அதுவும் நடுவர் செய்தது தெளிவான, வெளிப்படையான பிழையாக இருந்தாலோ, பெரிய குற்றமொன்று அவர் கண்ணில் படாமலே போயிருந்தாலோ மட்டும் காணொளி நடுவர் குறுக்கிடலாம் என்று தொடக்கத்தில் வகுத்தார்கள். ஏட்டில் படிக்கும்போது இதில் குறை காண்பது கடினம்.

கிரிக்கெட்டில் மூன்றாம் நடுவருக்குப் பழகிய நமக்கு இது புதிதாகவும் தோன்றாது. ஆனால் கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே ஆட்டம் தானாகவே நின்றிருக்கிறது. மூன்றாம் நடுவர் அந்த நின்ற நேரத்தில்தான் பார்க்கிறார். கால்பந்தில் அப்படி ஒரு நேரம் கிடையாது. யாராவது நிறுத்தினால்தான் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

நிறுத்தத் தெரியாத ஆட்டத்தை நிறுத்தப்போய் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 2018 ஏப்ரல் 16 அன்று நடந்தது ஒன்றே போதும். மைன்ஸ் அணிக்கு எதிரணி ஃபிரைபர்க். முதல் பாதி முடிந்து விசில் ஊதியாயிற்று. ஃபிரைபர்க் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்கே போய்விட்டார்கள். அப்போது, பாதி முடிவதற்குச் சற்று முன் அவர்களில் ஒருவரின் கையில் பந்து பட்டதென்று காணொளி நடுவர் தெரிவிக்க, மைதான நடுவர் திரையில் போய்ப் பார்த்துப் பெனால்டி வழங்கி, உள்ளே போனவர்களை வெளியே வரச்சொன்னார். அவர்களும் வந்து நின்றார்கள். மைன்ஸ் அணி கோல் அடித்தது. எல்லோரும் மீண்டும் உள்ளே போனார்கள். அந்த மாலை திங்கட்கிழமை ஆட்டங்களை எதிர்த்துக் கழிப்பறைக் காகிதச் சுருள்களை மைதானத்தில் எறிந்திருந்த ரசிகர்களால் இரண்டாம் பாதியும் தாமதமானது என்பது தனிக்கதை. இடைவேளையில் கோல் அடித்த அணி என்று மைன்ஸைச் சொல்லிச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். ஃபிரைபர்க்காரர்கள் சிரித்ததாகத் தெரியவில்லை.

சரி, கேட்கவேண்டிய சம்பவத்துக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 30, லண்டன். டாட்டன்ஹாம் அணியும் லிவர்பூல் அணியும் மோதுகின்றன. கோல் எதுவும் விழாத நிலையில், 34ஆம் நிமிடத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் அடிக்கிறார். துணை நடுவர் கொடியைத் தூக்குகிறார்: ஆஃப்சைடு, அதாவது சகவீரர் பந்தை அனுப்பிய கணத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றுவிட்டார்; கோல் இல்லை. காணொளி அறையில் படத்தின்மேல் கோடு போட்டுப் பார்க்கிறார்கள். டியாஸ் ஆஃப்சைடில் இல்லவே இல்லை. ஐயத்துக்கு இடமில்லாத, நல்ல கோல். படம் சரி, கோடு சரி, கண்டுபிடித்ததும் சரி. ஆனால் மைதானத்தில் ஏற்கெனவே கோல் வழங்கப்பட்டுவிட்டதாகக் காணொளி நடுவர் தவறாக எண்ணிக்கொண்டார். ஆகவே, மைதானத் தீர்ப்பு சரியே என்ற பொருளில் “செக் கம்ப்ளீட்” என்று சொல்லிவிட்டார். மைதான நடுவருக்கோ, கோல் இல்லை என்ற தன் தீர்ப்பு உறுதியாகிவிட்டதாகவே அது காதில் விழுந்தது. நன்றி சொல்லி, ஃப்ரீ கிக் அடிக்கச்சொல்லி, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

மூன்று நாள் கழித்து அந்த ஒலிப்பதிவு வெளியிடப்பட்டது. பலமுறை கேட்டிருக்கிறேன். பிசகை முதலில் உணர்ந்தவர் நடுவர் அல்லர், படத்தை ஓட்டிக்காட்டும் பணியாளர்: பொறுங்கள், மைதானத்தில் ஆஃப்சைடு என்றல்லவா கொடுத்திருந்தார்கள், உங்களுக்கு இது சம்மதமா என்று கேட்கிறார். ஆட்டத்தை நிறுத்தச்சொல்லி இன்னொரு குரலும் வருகிறது. காணொளி நடுவரோ, தொடங்கிவிட்டார்கள், ஒன்றும் செய்ய முடியாது, ஒன்றும் செய்ய முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் சொன்னது விதிப்படி உண்மை. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால், மிகச் சில குற்றங்களைத் தவிர வேறெதற்கும் பின்னே போக இயலாது. ஆட்டம் நிற்பதில்லை என்று சற்றுமுன் சொன்னேனே, அது இங்கே வந்து கழுத்தை நெரிக்கிறது. இரண்டு நிமிடத்தில் டாட்டன்ஹாம் கோல் அடித்தது. இறுதியில் 2-1 என வென்றது.

முன்பெல்லாம் நடுவர் தவறினால் எல்லோர் கண்ணெதிரிலும் தவறினார். இப்போது அந்தத் தவறு நம் கண்ணும் காதும் எட்டாத ஓர் அறைக்குக் குடிபோயிருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கி மைதானத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அன்று ஏதும் தெரியாது. வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவருக்கு அவரைவிட அதிகம் தெரிந்திருந்தது. ரக்பியில் நடுவரும் காணொளி அதிகாரியும் பேசுவது ஒளிபரப்பிலேயே கேட்கிறது. கால்பந்திலும் கேட்கவிடுங்கள் என்பதுதான் நான் பல காலமாகப் பாடிவரும் பல்லவி. நான்கு நொடி கேட்டிருந்தாலே, ஆயிரம் பேர் அந்தப் பிசகைக் கத்திச் சொல்லியிருப்பார்கள். 2023 மகளிர் உலகக் கோப்பையில் முடிவை மட்டும் நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அது அரைக்கிணறு.

‘தெளிவான பிழை’ என்ற சொல்லிலும் எனக்குச் சண்டை உண்டு. 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டதா என்று பார்க்க நடுவர் பித்தானா ஓரத்துத் திரைக்கு ஓடினார்; பார்த்தார்; திரும்பினார்; மனம் கேளாமல் மறுபடி போய்ப் பார்த்தார்; பிறகே பிரான்சுக்குப் பெனால்டி கொடுத்தார். இரண்டு முறை பார்த்தாக வேண்டியது எப்படி வெளிப்படையான பிழையாகும்? அதைவிட, மெதுவாக ஓட்டிய படத்தில் சாதாரண இடறலும் வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியும். படும் இடத்தை அறியவே மெதுவான படம், வேகத்தை எடைபோட இயல்பு வேகம் என்று நெறிமுறையே சொல்கிறது.

ஆஃப்சைடு கோட்டைப் பற்றி விரிவாகவே குறித்து வந்திருந்தேன். கடிகாரம் விடாது போலிருக்கிறது. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமரா. நொடிக்கு 7 மீட்டர் ஓடும் ஆட்டக்காரர். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அவர் 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். பந்து காலைவிட்டுப் புறப்பட்ட கணம் அந்த இடைவெளியில் இருந்தால், விரலளவு ஆஃப்சைடு என்று எதைக்கொண்டு சொல்வது? 2022இல் கத்தாரில் பந்துக்குள்ளேயே நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணர்கருவியை வைத்தார்கள். அங்கே இந்தக் குறை பெரிதும் குறைந்தது. எல்லா லீகுக்கும் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுவீடன் கிளப்புகள் இம்முறையே வேண்டாமென்று 2024இல் மறுத்துவிட்டன. இங்கிலாந்தில் அதே ஆண்டு வுல்வ்ஸ் அணி கொண்டுவந்த ஒழிப்புத் தீர்மானம் 19க்கு 1 எனத் தோற்றது. நார்வேயில் ரோசன்போர்க் ரசிகர்கள் எதிர்ப்பாக மீன் வடைகளை எறிந்து ஓர் ஆட்டத்தையே பாதியில் கைவிடச் செய்தார்கள். ஆனாலும் 2025 மார்ச்சில் அந்நாட்டுச் சங்கம் கூடி, வார் இருக்கட்டும் என்று வாக்களித்துவிட்டது. கையில் பந்து படுவதைக் குற்றமாக்கும் ஹேண்ட்பால் விதியைப் பற்றிய இரண்டு பக்கம் என் கையில் அப்படியே இருக்கிறது. வணக்கம்.