பெட்டிக்கு அடியில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நீல நிற ரயில் பெட்டியில் ஏறாதவர் நம்மில் அநேகமாக யாரும் இருக்க முடியாது. அதற்கு முன்னால் கருஞ்சிவப்பில் ஓடிய பெட்டியும் நினைவிருக்கும். நிறம்தான் வேறு, இரண்டும் சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வடிவம். அந்தப் பெட்டியை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி, மேஜைமேல் ஓடும் மாதிரியாகச் செய்வதைப் பற்றிப் பேசுகிறேன். செய்யத் தொடங்குகிறவர்கள் ஜன்னலையும் நிறத்தையும்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். அடியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். இன்று இதையே இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் தொழிற்சாலையை நேரு 1955 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்துவைத்தார். பெட்டியின் வடிவமைப்பு சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்திடமிருந்து வந்தது. தொடக்கத்தில் பெரம்பூரில் செய்தது வெறும் இரும்புக் கூடு மட்டும்தான். இருக்கை, விளக்கு, மின்விசிறி எல்லாம் பொருத்தும் பிரிவு அங்கே 1962-இல்தான் வந்தது. இந்த வகைப் பெட்டிகளைச் செய்வதை 2018-இல் நிறுத்தினார்கள். அவற்றின் இடத்தில் ஜெர்மானிய வழி வந்த எல்.எச்.பி. பெட்டிகள் வந்தன.

அதற்கு முந்தைய மரப்பெட்டிகளில் பாரம் முழுவதையும் அடிச்சட்டம் சுமந்தது. மேலே மர உடல் சும்மா உட்கார்ந்திருந்தது. நீளமான அடிச்சட்டம் நடுவில் தொய்யாமலிருக்கப் பலவற்றில் கீழே இழுகம்பிகள் கொடுத்திருப்பார்கள். ஐ.சி.எஃப். பெட்டியில் தரை, பக்கச்சுவர், கூரை, முனைச்சுவர் எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே எஃகுக் குழல். பாரத்தை அத்தனையும் சேர்ந்து தாங்குகின்றன. ஆகவே இந்த மாதிரிக்கு அடியில் இழுகம்பி வைத்தால் அது தப்பு.

இனி அளவுகள். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் பென்சில் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் உடல் நீளம் 21,337 மில்லிமீட்டர், மாதிரியில் 245. அகலம் 3,245, மாதிரியில் 37-க்குச் சற்று மேல். போகிகளின் மையங்களுக்கு இடையே 14,783, மாதிரியில் 170. போகி என்று நான் சொல்வது பெட்டியை அல்ல, அதற்கு அடியில் நான்கு சக்கரங்களோடு திரும்புகிற வண்டியை. அதில் அச்சுக்கு அச்சு 2,896, மாதிரியில் 33.3. சக்கர விட்டம் 915, மாதிரியில் 10.5. கடையில் ஓஓ என்ற, இதைவிடச் சற்றுப் பெரிய மாதிரி அளவின் பெட்டிக்கென்று 14 மில்லிமீட்டர் சக்கரம் கொடுப்பார்கள். அதைப் போட்டால் பெட்டி ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். பக்கத்துப் பெட்டியோடு பஃபர், அதாவது முனையில் இடிதாங்கும் வட்டத் தட்டு, சேராது.

நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. இந்தக் குறையைப் பலரும் ஏற்றுக்கொண்டே ஓட்டுகிறார்கள், அதில் தவறில்லை. போகியின் பக்கச் சட்டங்களை மட்டும் சரியான அகலத்திலேயே வையுங்கள். சக்கரம் பக்கத்துக்கு 1.4 மில்லிமீட்டர் உள்ளே போகும், நிழலில் கண்ணுக்குப் படாது. சட்டத்தையும் சேர்த்து உள்ளே தள்ளினால் பெட்டி ஒல்லிக் காலில் நிற்பதுபோல் தெரியும்.

இப்போது அடிப்பகுதி. அடுத்த முறை பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போது, எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்கும் வண்டியின் கீழே பாருங்கள். சாதாரண ஸ்லீப்பர் பெட்டியில், போகியை ஒட்டி ஒரு பருத்த உருளை தொங்கும்; அதிலிருந்து அச்சுக்கு பெல்ட் ஓடும். அதுதான் மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர், நாலரை கிலோவாட். வண்டி நிற்கும்போது விளக்கும் விசிறியும் ஓட வேண்டுமே, அதற்கு 110 வோல்ட் பேட்டரிப் பெட்டிகள் கீழே வரிசையாக இருக்கும். ஏசி பெட்டிக்கு இந்த நாலரை கிலோவாட் போதாது. 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர்கள் வைப்பார்கள். ராஜதானி போல வண்டியின் முனையில் தனி ஜெனரேட்டர் பெட்டி இருந்தால் மற்றப் பெட்டிகளின் அடியில் ஆல்டர்னேட்டரே கிடையாது. எந்தப் பெட்டிக்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது என்று தெரிந்தால், அடியில் எதை ஒட்டுவது, எதை விடுவது என்பதில் குழப்பமே வராது.

நிறமும் அடியோடு சேர்ந்ததுதான். கருஞ்சிவப்புப் பெட்டிகள் வெற்றிட பிரேக்கில் ஓடியவை. தொண்ணூறுகளில் காற்றழுத்த பிரேக் பரவியபோது, அது பொருத்திய பெட்டிகளை அடையாளம் காட்டத்தான் நீலம் பூசினார்கள். வெற்றிட பிரேக் பெட்டியின் முனையில் தடித்த ரப்பர் குழாய் ஒன்று தொங்கும். காற்றழுத்தப் பெட்டியில் மெல்லிய குழாய்கள் இரண்டு: ஒன்று பிரேக்குக்கு, இன்னொன்று காற்றுத் தொட்டியை நிரப்ப. கருஞ்சிவப்பு பூசிவிட்டு முனையில் இரட்டைக் குழாய் வைத்த மாதிரியை ரயில்வேயில் வேலை செய்தவர் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆக, நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அடியைத் தீர்மானித்துவிடுங்கள்.

அடுத்தது ஓட்டம். மாதிரிப் பெட்டி தடம் புரண்டால் தண்டவாளத்தைத் திட்டுவது வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது சக்கரங்களின் உட்புற இடைவெளி: 14.4 மில்லிமீட்டர். அது குறைந்தால், பாதை பிரியும் பாயின்ட்டில் ஏறி விழும். இரண்டாவது, போகியை மாட்டும் விதம். ஒரு போகியின் திருகை, அது முன்னும் பின்னும் மட்டும் ஆடும்படி இறுக்குங்கள். மற்றொன்றை எல்லாப் பக்கமும் ஆடும்படி தளர்த்துங்கள். முக்காலி எந்த மேடு பள்ளத்திலும் ஆடாமல் நிற்குமே, அதே கணக்கு. இரண்டையும் இறுக்கினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டையும் தளர்த்தினால் பெட்டி ஒருபக்கம் சாயும். மூன்றாவது எடை. அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி 28 கிராமோடு, நீளத்தில் அங்குலத்துக்கு 14 கிராம் சேர்க்க வேண்டும். நம் பெட்டிக்கு 165 கிராம் வரும். எடையைத் தரையோடு ஒட்டுங்கள். கூரைப் பக்கம் ஏறினால் வளைவில் கவிழும்.

வளைவு என்றதும் இன்னொன்று. 438 மில்லிமீட்டர் ஆர வளைவில் இந்தப் பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கம் 8 மில்லிமீட்டர் தள்ளும். முனைகள் வெளிப்பக்கம் 9 மில்லிமீட்டர் வீசும். இரட்டைப் பாதையை 50 மில்லிமீட்டர் இடைவெளியில் போட்டிருந்தால் எதிரெதிர் வண்டிகள் வளைவில் உரசிக்கொள்ளும். பலர் இதற்காகப் பெட்டியையே குட்டையாக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீளம் குறைந்தால் ஜன்னல் குறையும். ஸ்லீப்பர் பெட்டியில் ஒன்பது தடுப்பு, 72 படுக்கை. தடுப்புக்கு இரண்டாகப் பக்கத்துக்குப் பதினெட்டு ஜன்னல். அதைப் பதினாலாக்கினால் அது வேறு ஏதோ ஒரு பெட்டி. வளைவை 600-க்கு மேல் வைத்து, வளைவில் மட்டும் பாதைகளை 60 மில்லிமீட்டர் விலக்கிப் போடுங்கள்.

நேரம் முடியப் போவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ஜன்னல் கம்பியையும் வண்ணத்தையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பக்கச்சுவருக்கு 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு. முதலில் ஜன்னல் வெட்டி, வண்ணம் அடித்து, பிறகு கம்பி. பழைய டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றியிருக்கும் 0.2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். கடைசியாகத்தான் ஜன்னலுக்குத் தெளிவான பிளாஸ்டிக். அதை உடனடிப் பசையால் ஒட்டினால் அதன் ஆவி பட்டு வெளுத்துவிடும். வெள்ளைப் பசையே நல்லது. இரண்டு நீலத்தில் வெளிர் நீலத்தை முதலில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் டேப் ஒட்டிக் கருநீலம் அடியுங்கள். எழுத்து ஸ்டிக்கரை மங்கல் பூச்சின்மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மினுங்கும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், மேலே எழுத்து, அதற்கும் மேலே மங்கல் வார்னிஷ்.

பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு. அடுத்த மூன்று பெட்டி வகை: 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொதுப் பெட்டி. 97245 என்றால் 1997-இல் கட்டிய ஸ்லீப்பர். வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் மஞ்சளில் பெரிய பெருக்கல் குறியும், இதுவே கடைசிப் பெட்டி என்று காட்டும் எல்.வி. பலகையும் வைக்க மறக்காதீர்கள். வணக்கம்.